நெகட்டிவுக்கு ஒரு விருந்து

போன மாதம் திருக்கனூரில் ஒரு விருந்து. கல்யாணம் இல்லை, காதுகுத்தும் இல்லை. மணிலா, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் என் நண்பர் கலியபெருமாள் பத்தியம் முறிக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு மஞ்சள் காமாலை. ஆட்டுப்பாலில் கீழாநெல்லி, உப்பில்லாத சோறு... மஞ்சள் போய்விட்டது. அதைக் கொடுத்த 'பி' வைரஸ் மட்டும் ரத்தத்திலேயே தங்கிவிட்டது. 'ஈ ஆன்டிஜன்' என்று ஓர் அடையாளம் உண்டாம். அது மறைந்தால் வைரஸ் தூங்கிவிட்டது என்று பொருளாம். ரிப்போர்ட் வந்தது — நெகட்டிவ். கோழிக் குழம்பு, வறுவல், மறைவாக ஒரு பாட்டிலும்.

பரிமாறிய அவர் மனைவி தனலட்சுமி முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"தம்பி, இவுரு கையப் பாருங்க. மருதாணி வச்சாப்புல செவந்து கெடக்கு. முன்ன இப்பிடி இல்ல."

"மூட்ட தூக்குனா செவக்காம இன்னா பண்ணும்? நெகட்டிவ்னு போட்ருக்கான்டி" என்றார் நண்பர்.

நானும் தலையாட்டினேன். படித்தவன் அல்லவா?

அந்த அம்மாள் விடவில்லை. மறுவாரமே அவரை பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்கு இழுத்துப் போனார். துணைக்கு நான். டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார். ஈரல் கெட்டாலும் அப்படிச் சிவக்குமாம். மறுபடி எல்லாச் சோதனையும் செய்யச் சொன்னார். ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிக்கொண்டிருந்தது.

"அப்போ அந்த நெகட்டிவ்?" என்று கேட்டேன்.

"அடையாளத்தைத்தான் காணோம், ஆள் உள்ளதான் இருக்கான். எங்களுக்கே இப்பதான் புரிய ஆரம்பிச்சிருக்கு. வைரஸ்ல ஒரு சின்ன மாற்றம் போதும். அந்த ஆன்டிஜனச் செய்யறத நிறுத்திடும்... பெருகறத நிறுத்தாது."

நண்பர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"போர்டக் கழட்டிட்டு, பின்வாசல்ல யாவாரம் பண்றானா?"

வியாபாரி அல்லவா... அந்தக் குரலில் பயத்தோடு ஒரு மரியாதையும் இருந்தது.

எனக்கும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, மூளை கிடையாது, உயிர் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். ஆனால் எதை வைத்து நாம் தேடுகிறோமோ, அதையே உதறிவிட்டுப் பிழைக்கிறது. பிரமித்துப்போனேன்.

தீர்த்துக்கட்ட மருந்து இல்லை என்பதை டாக்டர் ஒளிக்கவில்லை. குடி அறவே கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. மனைவிக்கும் ரத்தம் பார்த்தார்கள். நல்லவேளை, அவருக்கு இல்லை.

"நெகட்டிவ்னு நம்பி இப்படியே குடிச்சிட்டு இருந்திருந்தா ஈரல் தாங்கியிருக்காது. கையை யார் கவனிச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டார்.

கை பார்த்துப் பலன் சொல்பவர்களை நான் நம்பியதே இல்லை. இந்த அம்மாள் பார்த்தால் — நம்புகிறேன்.