வலது கண்ணுக்கு நூற்றுக்கு நூறு

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கல்யாணம் பேசும்போது, மற்றதெல்லாம் பேசி முடித்த பிறகு அப்பா கடைசியாக ஒரு சொத்தை எடுத்து வைப்பார். "எங்க வம்சத்துல கண்ணாடி போட்ட ஆளே கெடையாது." மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொள்வார்கள். சமயநல்லூருக்கு மேற்கே தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்த எங்களில் ஒருவர்கூடக் கண் டாக்டரிடம் போனதில்லை என்பதுதான் அதன் அர்த்தம். என் சித்தப்பா செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்து வாசிப்பார். கையின் நீளம் பத்தாமல் போனதும் வாசிப்பதையே நிறுத்திவிட்டு, "இப்பல்லாம் பேப்பர்ல என்னத்தப் போடுறாய்ங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் கண்ணாடி போடாத ஆள்தான், கணக்கில் சேர்த்தி.

இந்த வம்சத்தில் பிறந்து, காளவாசலில் வாழ்க்கைப்பட்டு, ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் நான், நாற்பத்திரண்டு வயதில் துப்பாக்கி சுடப் போனேன். பரவையைத் தாண்டி திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் ஏர் ரைபிள் பயிற்சி நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகள் ஒரு மாதத்தில் சலித்து நின்றுவிட்டார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று. நாள் முழுக்க நாற்பத்தைந்து பிள்ளைகளோடு கத்திவிட்டு, ஒருவரும் பேசக்கூடாத ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பேன்.

பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை இருக்கும். அதில் எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம். ரைபிளின் பின்பக்கத் துளை வழியாகப் பார்த்தால் முன்னால் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தின் நடுவில் கறுப்பு வட்டத்தை உட்காரவைத்துச் சுட வேண்டும். எங்கள் கோச் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "கை அம்மிக்கல்லு மாதிரி நிக்குதுக்கா ஒங்களுக்கு" என்று முதல் வாரமே சொன்னாள். டிசம்பரில் மாநிலப் போட்டிக்குப் போக மூன்று பெண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மூன்றில் நான் ஒருத்தியாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வாழ்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லாமல் நான் ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான்.

கை அம்மிக்கல்லாக நின்றது. குண்டு மட்டும் ஊர் சுற்றியது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று அட்டையின் ஓரத்தில். பெல்லட் குண்டு சரியில்லை என்றேன். லைட் சரியில்லை என்றேன். பக்கத்துக் கோயில் மைக் செட்டைக்கூடக் குறை சொன்னேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒருநாள் கோச் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மின்கம்பத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். "இப்ப இடது கண்ண மூடுங்க" என்றாள். கம்பம் காணாமல் போய்விட்டது. "ஒங்களுக்கு இடது கண்ணுதாங்க்கா குறி பாக்குது. நீங்க வலது கண்ண வச்சுச் சுட்டுக்கிட்டு இருக்கீங்க."

"வலது கண்ணுல பாத்தா எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். புகைக்குள் தெரிவது மாதிரி இருக்கும் என்றேன். எல்லோருக்கும் அப்படித்தானே என்றும் கேட்டேன். அவள், "மொதல்ல கண்ண டெஸ்ட் பண்ணுங்கக்கா" என்றாள்.

வம்சப் பெருமை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுமா? முதலில் வைத்தியம் பார்த்தோம். ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குக் கண் டாக்டர் ஆனார்கள். தமிழ் டீச்சர் பொன்னாங்கண்ணிக் கீரை என்றார். அறிவியல் டீச்சர் கேரட் ஜூஸ் என்றார். அறிவியல் படித்தவர் சொன்னதால் அதைக் கூடுதலாகக் குடித்தேன். போனில் கேட்டபோது அப்பா, "சூடுதான் தாயி, தலைக்கு எண்ண வையி" என்றார். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, கண்ணிலும் இரண்டு சொட்டு விட்டுக் குளித்துவிட்டுச் சுடுகிற கொட்டகைக்குப் போனேன். அன்றைக்குக் கறுப்பு வட்டம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் குண்டு படவில்லை.

அந்த மூவருக்கான தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது, வேறு வழியில்லாமல் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதிக்கும் பெண் என் இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மூடி, "வாசிங்க மேடம்" என்றாள். எதிரே திரையில் வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் ஏதோ அழுக்கு மாதிரி இருந்தது. ஆனால் என் வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. "ப... ட, ம... ர, க, ய..."

"மேடம், அது நம்பர் சார்ட்" என்றாள் அவள்.

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நான் சொன்னது முப்பது வருஷத்துக்கு முந்தைய பலகை. ஐந்தாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து வகுப்பில் மாட்டிவிட்டார்கள். பெஞ்சு தூக்கிப்போட வந்த அப்பா அதைப் பார்த்திருக்கிறார். நாலு பேர் முன்னால் பிள்ளைக்குக் கண்ணாடி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எவன் கட்டுவான்? ஏழு வரிசை எழுத்தையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து, என்னை உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைத்தார். பரீட்சை என்றால் ஒப்பிப்பது என்றுதான் எனக்கும் தெரியும். மறுநாள் இடது கண்ணை மூடச் சொன்னபோது பலகை மசமசவென்று இருந்தது. மனப்பாடம் தெளிவாக இருந்தது. கடைசி வரிசை வரை பிசகாமல் ஒப்பித்தேன். "எம்புள்ள நூத்துக்கு நூறு" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். இதைச் சோம்பேறிக் கண் என்பார்களாம். சின்ன வயதில் வலது கண்ணில் பவர் அதிகமாக இருந்திருக்கிறது. மங்கலாகத் தெரிந்த கண்ணை மூளை கைவிட்டுவிட்டு இடது கண்ணை மட்டும் வைத்துக் காலம் தள்ளியிருக்கிறது. அந்த வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தால் பெருமளவு சரியாகியிருக்கும். இனிமேல் எந்தக் கண்ணாடி போட்டாலும் வலது கண் பெரிதாகத் தெளியாது.

காளவாசல் சிக்னலில் பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரப் பெண், "உள்ள வந்து பாருங்க மேடம், புதுசா வந்திருக்கு" என்றாள்.

"அப்ப இடது தோளுக்கு மாறிருவோம்" என்றாள் கோச், பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறுவது மாதிரி. இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலே அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். இடது கன்னத்தை ரைபிளில் வைத்து, இடது விரலால் விசையை இழுக்கப் பழகினேன். முதல் வாரம் குண்டு அட்டையிலேயே படவில்லை.

அந்த ஆறு வாரத்தில்தான் கண்ணைப் பற்றி நான் கற்றதெல்லாம். வட்டத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. முன்னால் இருக்கும் வளையம்தான் துல்லியமாகத் தெரிய வேண்டும், வட்டம் லேசாக மங்கினால் மங்கிவிட்டுப் போகட்டும். அதற்குத் தோதாக ஒரு லென்ஸ் போட்டுத் தந்தார்கள். மற்ற கண்ணை இடுக்கிக்கொள்ளக் கூடாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, வேண்டாத கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஏழெட்டு வினாடிக்குமேல் குறி பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். ரைபிளை இறக்கிவிட்டு, கண்ணைச் சிமிட்டி, தூரத்துத் தென்னை மரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்க வேண்டும். கேரட்டைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அன்றாடத்துக்கு எழுதிக்கொடுத்த கண்ணாடியோடு சமயநல்லூர் போனேன். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதான் ஒரு கண்ணு நல்லாத் தெரியுதுல்ல, போதும் தாயி" என்றார். பிறகு தெருப்பக்கம் பார்த்துவிட்டு, "கண்ணாடியக் கழட்டி உள்ள வையி, சனம் வார நேரம்" என்றார். காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

தேர்வு நாளில் கொட்டகைக்குள் நுழைந்தபோது, கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை வேட்டி சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்.

அறுபது குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி. இடது தோளில் இவ்வளவு நன்றாக நான் சுட்டதே இல்லை. பத்துகள் வந்தன, நிறைய ஒன்பதுகள் வந்தன. நடுவில் ஒருமுறை பழக்க தோஷத்தில் ரைபிளை வலது பக்கம் தூக்கப் போய், சுதாரித்து மாற்றினேன். அந்தக் குண்டு ஏழில் விழுந்தது. பட்டியலை ஒட்டியபோது என் பெயர் நான்காவதாக இருந்தது. மூன்றாவது பெண்ணுக்கும் எனக்கும் இரண்டு புள்ளி வித்தியாசம். அவளுக்குப் பத்தொன்பது வயது. கைகொடுத்தேன். மனதார என்று சொன்னால் பொய்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா காத்திருந்தார். "எம்புட்டுல போச்சு?" என்றார். ரெண்டு என்றேன். அவர் ரைபிள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் எழுதிக் குடுக்காம இருந்திருந்தா, வலது கண்ணு நல்லா வந்திருக்குமாக்கும்?"

இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல என்று சொல்லியிருக்கலாம். வயசான மனுஷன், வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார். "ஆமாப்பா" என்றேன்.

பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "இப்ப அந்தக் கண்ணுல என்னதான் தாயி தெரியுது?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு எட்டு பின்னால் போய், கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"நீங்க நிக்கிறது தெரியுதுப்பா. மொகம் தெரியல."