பெரியப்பா வீட்டுக் கிரிக்கெட்

சூடேறிய சந்தனத்தின் வாடை எனக்கு இன்றும் பிடிக்காது. மாத்தளை டவுனில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அது வரும். ஆயுத பூஜையில் கடைத் தராசோடும் கத்தியோடும் கம்ப்யூட்டரையும் வைத்து, பெட்டியின் காற்றுத் துளைகள் மேலேயே பெரியம்மா சந்தனத்தைத் தடித்த பட்டையாகப் பூசியிருந்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதென்று அதன்மேல் பூப்போட்ட துணி உறையும் மாட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுத்திருந்தேன்; ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஏது? சனிக்கிழமை டியூஷன் முடிந்து அந்த வீட்டில் உட்காரக் கிடைத்த ஒரு மணி நேரம்தான் எனக்கிருந்த ஒரே வழி.

பூஜை முடிந்த வாரமே பெரியப்பா மகன் சுதன் அண்ணனின் கிரிக்கெட் விளையாட்டு திணறத் தொடங்கியது. பந்து வீச ஓடிவருபவர் பாதியில் உறைந்து நிற்பார். மறுபடி அசையும்போது ஸ்டம்ப் விழுந்திருக்கும்.

"இவ கை வச்சதுல இருந்துதாம்மா இப்படி" என்றார் அண்ணன்.

"கொழுந்து பறிக்கிறவ மகளுக்குக் கம்ப்யூட்டர் கேக்குதோ? இனிமே தொட்டுப் பாரு" என்றார் பெரியம்மா, அம்மா கொடுத்தனுப்பிய ஈரப்பலாக்காயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவும் அண்ணனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெரியப்பா கதவைத் திறந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். சூடேறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். உறையைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். விளையாட்டின் செட்டிங்ஸில் நிழல்களையும் பார்வையாளர் கூட்டத்தையும் நிறுத்தினேன். மைதானம் மொட்டையாகத் தெரிந்தது. பந்து மட்டும் தடங்கலின்றி வந்தது.

"அடிப்பாவி, சாமி சந்தனத்தைச் சுரண்டிட்டாளே!" என்று கோயிலிலிருந்து திரும்பிய பெரியம்மா வாசலிலேயே கத்தினார். அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு ஒரு ஓவர் முழுக்க ஆடிப் பார்த்தார். "நான் நேத்து செட்டிங்ஸ் மாத்தினேன்ல, அதான்" என்றார். அன்றோடு அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடப்பட்டது. அட்டையில் கீபோர்டு வரைந்து தட்டிப் பழகித்தான் பரீட்சை எழுதினேன்; ஏ எடுத்தேன்.

இப்போது அந்த வீடு இல்லை. அங்கே போன் கடை இருக்கிறது. கிரிக்கெட் எல்லார் போனிலும் ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சுதன் அண்ணன் தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "அத்தைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றார்.

"இல்லண்ணே, நீங்க என்னைய வெரட்டுனீங்க" என்றேன்.

நான் சாம்பார் ஊற்றச் சொன்னேன்.