கொம்பைத் தின்ற புழு

ம்பராரா நகரில் மாட்டுக்கொம்பில் கரண்டி செய்யும் கன்குண்டாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கொம்பு இளக இரண்டு மணி நேரம் கொதிக்க வேண்டும். அதற்குள் பத்து முறை அடுப்பருகே போய்வருவாள்.

மழை ஓய்ந்து கிடங்கைத் திறந்தபோது, அடுக்கியிருந்த கொம்புகளில் விரல்விரலாகக் குழல்கள் முளைத்திருந்தன.

"செத்த மாடு வேர் விட்டிருச்சுடி, தூக்கிப் போடு" என்றாள் நாத்தனார் கெமிரெம்பே.

கன்குண்டா ஒரு குழலைப் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழு ஒன்று, சுற்றிலும் கொம்புத்தூள். அந்தக் குழலை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் முகூஷாவைத் தேடிப் போனாள்.

"கத்தியே வழுக்குற கொம்பு இதுக்கு எப்படிச் செரிக்குது டாக்டர்?"

"அது வயிறு சாம்பத்தண்ணி மாதிரி ஒரே காரம், அக்கா. கொம்பை இறுக்கிக் கட்டியிருக்குற முடிச்சையெல்லாம் அந்தக் காரத்தால அவுத்துட்டுத்தான் செரிக்குது."

வீடு திரும்பியதும் வாழைத்தோல் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி, கெட்டியான அந்த நீரில் ஒரு கொம்புத்துண்டை ஊறவைத்தாள். மணிக்கொரு தரம் எடுத்து வளைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வளைந்தது. ஆசைப்பட்டு மேலும் இரண்டு நாள் விட்டாள், மேற்புறம் கூழாகிவிட்டது.

"புழுவுக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தாள் கெமிரெம்பே.

அடுத்த துண்டை மூன்றாம் நாளே எடுத்து, கொம்பைக் கொதிக்கவைக்காமலே கரண்டியாக வளைத்தாள். சாம்பல்நீரின் காரத்தில் விரல்கள் எரிவதைக்கூடக் கவனிக்காமல், அதை மருத்துவரிடம் காட்ட ஓடினாள்.