பின்னாலிருந்து கூப்பிட்டவர்கள்

விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெட்டியும் கையுமாகக் கிளம்பி நிற்கிற மனிதனைப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். தெரியாமல் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். கேட்டவருக்கு வீட்டுப் பெண்களிடமிருந்து கிடைக்கும் பார்வை தனி.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. எண்பதுகளின் நடுவில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஊர் ஊராக மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்த எனக்கு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. நான் கிளம்பிய வாரத்தோடு விசாவின் கெடு முடிந்தது. இந்த விமானத்தை விட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும் என்று விழுப்புரம் ஏஜென்ட் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் தெளிவாகச் சொன்னது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் போகப் போகத் தெரியும் என்றார். பெட்டியைப் பற்றி மட்டும் நானாகக் கேட்டேன்.

"பொட்டியப் பத்தி நீ கவலையே படாத தம்பி. கவுன்ட்டர்ல குடுத்துட்டீன்னா அது பாட்டுக்கு சிங்கப்பூர்ல வந்து நிக்கும்" என்றார். அதை அப்படியே நம்பினேன்.

பெட்டி கட்டியது அம்மா. எங்கள் வீட்டில் யார் எங்கே போனாலும் பெட்டி கட்டுவது அவள்தான். போகிறவர் கிட்டே போனால் கையைத் தட்டிவிடுவாள். கட்டி முடித்து, நைலான் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் என் கண்ணில் காட்டினாள்.

அப்பா நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் விட்டிருந்ததால் வரவில்லை. அம்மாவும் தாய்மாமாவும் நானும் வாடகை அம்பாசிடரில் கிளம்பினோம். திண்டிவனத்தில் டிரைவர் பெட்ரோல் போட நிறுத்தியபோது, மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் ஜன்னலில் தலையை நுழைத்து, குடும்பத்தோடு எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அம்மா கதவைத் திறந்து இறங்கி எதிரிலிருந்த டீக்கடைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம், எழுந்தோம். டிரைவரையும் குடிக்க வைத்தாள். அவர் ஜல்தி ஜல்தி என்று முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்.

மீனம்பாக்கத்தில் பயணிகளைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஒரு மாடத்தில் நின்று விமானங்களைப் பார்க்கலாம் என்றார்கள். வாசலில் பிரிகிறபோது அம்மா என் சட்டை காலரைச் சரி செய்தாள்.

"எவனாவது எங்க போறேன்னு கேட்டான்னா, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு. பின்னாடி எவன் கூப்ட்டாலும் திரும்பாத. போய்க்கினே இரு."

இதையெல்லாம் நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. அன்றைக்கு நம்பாமல் இருக்கத் தைரியம் இல்லை.

உள்ளே கவுன்ட்டரில் பெட்டியை எடை போட்ட பெண் முதல் கேள்வியே, எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்டாள். டிக்கெட் அவள் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்தது. சொன்னேன். பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்து ஒரு அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அதிலும் அதே கேள்வி அச்சடித்திருந்தது. ஒரு காகிதம் கேட்டால் அது கேட்டதாகக் கணக்கா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு முறை குடித்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவர் கேட்டார். கஸ்டம்ஸ்காரர் கேட்டார். தங்கம் இருக்கிறதா, டேப் ரெக்கார்டர் இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர்க் குழாயைத் தேடினேன். என்னோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் எப்போதோ போய்விட்டார்கள்.

சோதனை வாசலில் நான் நுழைந்ததும் மெஷின் கத்தியது. பையில் இருந்த சில்லறையை எடுத்து வைத்தேன். மறுபடியும் கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன். கத்தியது. காவலர் என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்து, இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் கண்டுபிடித்தார். அவர் வடக்கத்திக்காரர். அது எதற்கு என்று சைகையால் கேட்டார். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இருக்கிறது, அவ்வளவுதான். அதை எந்த பாஷையில் சொல்வது? தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். அவரும் சலித்துப்போய் விட்டுவிட்டார்.

இப்படியாக, விமானம் நிற்கும் இடத்துக்கு நான் கடைசி ஆளாக வந்தேன். வெயிலில் கண் கூசியது. எதிரே படிக்கட்டு, மேலே திறந்த கதவு. ஓரமாக ஒரு பெட்டி தனியாக நின்றது. பார்த்துப் பழகிய பெட்டிபோல இருந்தது. என் பெட்டி கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி, அது பாட்டுக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தேன்.

விமானங்களில் குண்டு வைத்துவிடுகிறார்கள் என்று எல்லோரும் பயந்த காலம் அது. ஒவ்வொரு பயணியும் தன் பெட்டியைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அதை விமானத்தில் ஏற்றுவார்கள். சொந்தக்காரன் தொடாத பெட்டி என்றால் சந்தேகப் பெட்டி. முன்னால் போனவர்கள் தொட்டுக் காட்டியதைப் பார்த்திருந்தால் நானும் தொட்டிருப்பேன். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து யாரோ ஹலோ என்றார்கள். நான் திரும்பவில்லை. மிஸ்டர் என்றார்கள். அம்மா சொன்னது இதுதான் என்று உள்ளுக்குள் உறைத்தது. எத்தனையோ கேள்விகளைத் தண்ணீர் குடித்துக் கழித்துவிட்டு, கடைசியில் போய்த் திரும்புவேனா? வேகமாக நடந்தேன். இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன. ஒன்று இந்தியில் அதட்டியது. பூட்ஸ் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. நானும் கிட்டத்தட்ட ஓடினேன். கழுத்தை மட்டும் திருப்பவில்லை.

அப்போது என் பெயர் கேட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் இல்லை. வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர். மாடத்தில் நின்ற அம்மா, துப்பாக்கியோடு ஒருவன் தன் மகனைத் துரத்துவதைப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். ஒரு தடவைதான். நான் நின்றேன். திரும்பினேன்.

காவலர் மூச்சு வாங்க என் தோளைப் பிடித்தார். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து, பெட்டி யாருடையது என்றார். என்னுடையது என்றேன். பிறகு ஏன் தொடவில்லை என்றார். தொட வேண்டுமா என்று கேட்டேன். யார் கட்டியது? அம்மா. உள்ளே என்ன? தெரியாது. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மோசமாகிக்கொண்டே போனது.

முடிச்சை அறுத்துத் திறந்தார்கள். துணிமணி, கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் ஈரத்துணி சுற்றி, வாயை மெழுகால் அடைத்த ஒரு பித்தளைச் செம்பு. காவலர் இரண்டடி பின்னால் போனார். நானும் போனேன். இது என்ன என்று அதிகாரி கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியாது. சீக்கிரம் சொல், விமானம் உனக்காக நிற்காது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏறவிடாமல் திருப்பி அனுப்பினால் அந்த வேலை அன்றோடு போயிற்று. ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது?

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. "தண்ணியா இருக்கும் சார்" என்றேன். "சிங்கப்பூர்ல எறங்கி ரூமுக்குப் போறப்ப எவனாவது எங்க போறேன்னு கேட்டா குடிக்கறதுக்கு."

அவர் மெழுகைப் பெயர்த்துச் செம்பை என் கையில் கொடுத்து, உட்கார்ந்து நீயே குடி என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணீர். முழுவதையும் குடித்தேன். குடித்தும் நான் சாகாததைப் பார்த்த பிறகு பெட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஏற்றச் சொன்னார். அவருக்குச் சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து வேலையில் அமர்ந்த கொஞ்ச நாளில் கரன்ட் பிடித்து இழுத்து, வலது உள்ளங்கை வெந்துபோனது. ஆறிவிட்டது. ஊருக்கு எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது, சோறு போட்ட அம்மா கையைப் பார்த்துவிட்டாள். எப்போது ஆனது என்று கேட்டாள். போன புதிதில் என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பின்னாடி கூப்ட்டன் இல்ல, அதனாலதான்டா" என்றாள்.

நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை, போலீஸ்காரர் பிடித்து இழுத்ததால்தான் திரும்பினேன் என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று மாமா அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தார். அவள் கூப்பிட்டது என்னைக் காப்பாற்றியதா, கையைச் சுட்டதா என்று யோசித்தால் எனக்கே தலை சுற்றும். கரன்ட்டைப் பற்றி நன்றாகப் படித்தவன் நான்.

லீவு முடிந்து மறுபடி கிளம்பினேன். இந்த முறை யார் கேட்டதற்கும் தண்ணீர் குடிக்கவில்லை. வரிசையோடு போய் என் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். படிக்கட்டில் பாதி ஏறியபோது, யாரும் கூப்பிடாமல் நானாகவே திரும்பி மாடத்தைப் பார்த்தேன். கம்பியோரம் எல்லோரும் கை ஆட்டி, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் அம்மா, முந்தானையைச் சுருட்டி வாய் நிறைய அடைத்துக்கொண்டு நின்றாள்.