மாமாவின் இரண்டு கண்ணாடிகள்

மாமாவைக் கஞ்சன் என்று முதலில் சொன்னது அம்மாதான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை செய்துகொண்டு, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் ஹோலில் பாய் விரித்துப் படுத்தார். அப்பா வெளிநாட்டில் இருந்தார். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்றே பேர். ஒருவரைப் பற்றி மற்ற இரண்டு பேரும் கதைப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

உண்மையில் மாமா கைதாராளமானவர். சம்பள நாளில் எனக்கு ஐஸ்கிறீமும் அம்மாவுக்கு மல்லிகைப்பூவும் வரும். அவருடைய கஞ்சத்தனம் முழுவதும் ஒரு மூக்குக்கண்ணாடியில் மட்டும்தான் குடியிருந்தது. தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பிரேம். முகத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். எங்கள் பிளாட் கடற்கரை ரெயில் பாதைக்கு அருகில் இருந்தது. அந்த உப்புக்காற்றில் சன்னல் கொண்டி முதல் கத்தரிக்கோல் வரை எல்லாம் துருப்பிடிக்கும். கண்ணாடியின் வலது காலைப் பிடித்திருந்த ஆணியும் துருப்பிடித்து ஒருநாள் இரண்டாய்ப் போனது. மாமா அதில் ஊக்குசியைக் குத்தினார். அது திறந்து காதைக் கிழித்தபோது கம்பியைச் சுற்றினார். கம்பி கழன்றபோது அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்துக் கட்டினார்.

நூலும் தேய்ந்த பிறகு காலி வீதியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு ஆணி வாறதில்ல. பொருத்தும் தேஞ்சி போச்சி. புது பிரேம் எடுங்க, இந்தக் கண்ணாடியவே வெட்டிப் போட்டுத் தாறன்."

"கண்ணாடி கீறுப்பட்டாலும் பரவாயில்லை நானா. பிரேமைக் காப்பாத்தித் தாங்கோ."

நானா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி போடுவது கண்ணுக்காகத்தானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏதோ பசை வைத்துப் பார்க்கிறேன், ஒருநாள் இங்கேயே கிடக்கட்டும் என்று நானா வாங்கி வைத்தார்.

அடுத்த நாள் மாமா கண்ணாடி இல்லாமல் வேலைக்குப் போனார். அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானம் கசங்கின சட்டையோடு வந்து, பஸ் தவறிவிட்டது, ஹெந்தளையில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கிவிட்டேன் என்றார். அம்மா ஏசி முடியும் வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு முகம் கழுவி, நேரே கடைக்குப் போய்ப் பசை காய்ந்ததோ இல்லையோ அந்தக் கறுப்புப் பிரேமைப் போட்டுக்கொண்டு வந்துதான் சோற்றில் கை வைத்தார். குளிக்கும் நேரம் தவிர அதைக் கழற்றுவதே இல்லை என்றாகிவிட்டது. பசை ஒரு கிழமை தாக்குப்பிடித்தது. மறுபடியும் நூல்.

இந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொம்பிளையின் தகப்பனார் துறைமுகத்துப் பண்டகசாலையில் கிளாக்கர். பொம்பிளை வீட்டிலிருந்து உடுப்புத் தைக்கிறவர். பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தக் கலியாணம் சரிவந்தே ஆகவேண்டும். ஊரில் இருந்த தாய் தகப்பனுக்கு அவர் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"உந்தக் கரிச்சட்டியை முகத்தில கொழுவிக்கொண்டு நீ வந்தா நான் வரமாட்டன்" என்றார் அம்மா.

"அக்கா, இது நல்ல பிரேம். இப்ப உப்பிடிச் சாமான் எங்க வருது?"

அம்மா ஃபான் வாங்க வைத்திருந்த சீட்டுக்காசை எடுத்துக்கொண்டு போய், மாமாவுக்குக் கண் டொக்டர் எழுதின துண்டைக் காட்டி, மெல்லிய தங்க நிறப் பிரேமில் புதுக் கண்ணாடி செய்வித்துக்கொண்டு வந்தார். அந்த வெக்கைக் காலம் முழுவதும் நாங்கள் விசிறியாலேயே விசுக்கினோம். மாமாவால் மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, எனக்கு வேறு யாரோ ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது. அவ்வளவு வடிவாக இருந்தார். ஆனால் புறப்படும்போது கறுப்புப் பிரேமைக் கைலேஞ்சியில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்ததை அம்மா காணவில்லை. நான் கண்டேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது வழக்கம்தான். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. நான் பெண்பிள்ளையாக இருந்தாலும் மாமா எப்போதும் என் கையைப் பிடித்துத் தன்னுடைய வரிசைக்குக் கூட்டிப் போய்விடுவார். அன்றும் அப்படித்தான். வரிசையில் நின்று முகம் துடைக்கிற சாட்டில் கைலேஞ்சியை எடுத்தார். தங்கப் பிரேம் பைக்குள் போனது, கறுப்புப் பிரேம் முகத்துக்கு வந்தது. நூல் விட்டுப்போகாமல் இருக்க, காதைச் சொறிவது போல ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டார். ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், திரும்பவும் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறுமுன் மாமா மறுபடியும் தங்கப் பிரேமுக்கு மாறிவிட்டார்.

"ஏன் மாமா மாத்தி மாத்திப் போடுறீங்கள்?"

"புதுசெல்லே பிள்ளை. வெயிலுக்குள்ள போட்டா தேய்ஞ்சுபோம்."

புறக்கோட்டையில் பஸ் மாறிப் போகும்போது இன்னொரு தடவை இறக்கினார்கள். அங்கேயும் இதே கூத்து நடந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பொம்பிளை வீட்டில் ரோல்சும் கேக்கும் வந்தன. பொம்பிளை தேத்தண்ணித் தட்டோடு வந்து வைத்துவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் இருந்தார். பெரியவர்கள் ஊரைப் பற்றியும் சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதைப் பற்றியும் கதைத்தார்கள். தகப்பனார் மாமாவின் கண்ணாடியைப் பார்த்து, நல்ல வடிவான பிரேம் என்றார். இந்த நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"அது தேய்ஞ்சுபோம் எண்டு மாமா வழியில பழசைத்தான் போடுறவர். பொக்கற்றுக்குள்ள இருக்கு."

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. பொம்பிளையின் தாய் கோப்பையைக் கீழே வைத்தார். கலியாணம் அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது என்று அம்மா நினைத்ததாகப் பிறகு சொன்னார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பொம்பிளை என்னிடம் கேட்டார்.

"வழியில எண்டா எங்க, பிள்ளை?"

"ஆமிக்காரர் இறக்கிற இடத்தில."

அவர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "கார்ட்டில இருக்கிற படம் அந்தக் கண்ணாடியோடயோ?"

"ஓம்" என்றார் மாமா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, அண்டைக்கு ஹெந்தளையில நிண்டனான் எண்டு சொன்னது பொய். கண்ணாடி இல்லாமல் போனதால முகம் வேற, படம் வேற எண்டு பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். விடிஞ்சும் கனநேரம் பொலிஸ் ஸ்டேசனில வைச்சிருந்துதான் விட்டவங்கள்."

"கார்ட்டை மாத்தலாமே தம்பி?" என்று தகப்பனார் கேட்டார்.

"ஊர் விதானையார் கையெழுத்து வைக்கவேணும். போக எங்க பாதை?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் பொய் சொல்லியிருக்கிறார், அதைத் தானே ஒப்புக்கொள்கிறார், அவருக்கு ஒரு ஏச்சும் விழவில்லை.

பொம்பிளை எழும்பி உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தையல் மெசினின் இழுப்பு லாச்சியைக் கழற்றி அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

"தாங்கோ அந்தக் கண்ணாடியை."

தாய் அவரை மெல்லிய குரலில் கூப்பிட்டார். பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் பொம்பிளை இப்படி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து வேலை செய்வது எங்கும் நடப்பதில்லை. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நூலை வெட்டி எறிந்தார். குண்டூசி ஒன்றைப் பொருத்துக்குள் விட்டார். அது சேரவில்லை. இன்னொன்றைத் தேடி எடுத்து, தலையை மேலே விட்டு, மிச்சத்தைக் குறட்டால் நறுக்கி, நுனியை வளைத்து அமத்தினார். மேலே நகத்துக்குப் பூசுகிற பூச்சில் ஒரு பொட்டு வைத்து வாயால் ஊதினார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"கடல்காத்துக்கு உதுவும் துருப்பிடிக்கும்" என்று கண்ணாடியை மாமாவிடம் நீட்டினார். "பிடிச்சா நான் மாத்தித் தருவன்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா அதுவரை தொடாத கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கலியாணம் அதிலேயே முடிவாகிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கஞ்சனுக்கு ஏற்ற கஞ்சப் பெண்சாதி வாய்க்கப்போகிறார் என்று நானே விளங்கிக்கொண்டேன். ஒரு குண்டூசியைக்கூட வீணாக்காமல் மிச்சத்தை லாச்சிக்குள் போட்டுக்கொண்டாரே.

திரும்பி வரும்போது மாமா வழி முழுக்கக் கறுப்புப் பிரேமைத்தான் போட்டிருந்தார். தங்கப் பிரேம் கலியாணப் படத்தில் மட்டும் இருக்கிறது. அம்மா அதன்பிறகு ஒருநாளும் மாமாவைக் கஞ்சன் என்று சொல்லவில்லை. நான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவும் மாமியும் அதைக் கேட்டுச் சிரிப்பார்களே தவிரத் திருத்தியதில்லை.

எனக்குப் பதினாறு வயதானபோது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மாமாதான் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப் போனார். அப்போதும் அதே கறுப்புப் பிரேம், மாமி எத்தனையாவது தடவையோ மாற்றிய குண்டூசியோடு. நான் அன்றைக்கென்று பின்னலை அவிழ்த்து, நெற்றியில் மயிரைச் சுருட்டி விட்டு, சினிமாக்காரி மாதிரிச் சோடித்துக்கொண்டு போயிருந்தேன். கமராவுக்கு முன்னால் கதிரையில் இருந்தபோது மாமா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பிள்ளை, உந்தத் தலையிழுப்பைக் கனகாலத்துக்கு வைச்சிருப்பியோ?"

நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். பிறகு உள்ளே போய், வழக்கம்போல இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து இருந்தேன்.