பீடி என்று நினைத்து அடித்தேன்

இன்று தல்லாகுளத்தில், எங்கள் பள்ளிக் கிணற்றடியில் புகை விட்டுக்கொண்டிருந்த மாடசாமியைப் பிடித்தேன். ஐந்தாம் வகுப்பில் பீடியா?

வகுப்புக்கு இழுத்து வந்து பிரம்பு பிளக்கும்வரை விளாசினேன். விழுந்தவனை மிதிக்கவும் காலைத் தூக்கினேன்.

அவன் நெஞ்சு துருத்திபோல இரைந்தது. "பீடி இல்ல சார். ஊமத்தை எல. மூச்சு இளைப்புக்கு வைத்தியரு சுருட்டிப் புகை பிடிக்கச் சொன்னாரு."

நான் நம்பவில்லை. "வேற எவன்டா வச்சிருக்கான்? பையெல்லாம் கொட்டுங்கடா!"

ஒன்பது பைகளிலிருந்து சிலேட்டோடு அதே இலைச் சுருள்கள் விழுந்தன. ஒன்பது பேரும் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி வரிசையில் நின்றார்கள்.

கடைசியில் நின்றவன் சொன்னான்: "வெரசா அடிங்க சார், எங்களுக்கும் இளைப்புதான், மூச்சு முட்டுது."

வாத்தியார்களே, உங்கள் வகுப்பிலும் பைகளைக் கொட்டிப் பார்த்து, எத்தனை பேருக்கு இளைப்பு என்று சொல்லுங்கள். பிரம்பை எடுப்பதற்கு முன்னால்.