மீன் ஏற்றிய வண்டி

சூசைராஜுக்கு மீன் வாடை தெரியாது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மூக்கு அது; எந்நேரமும் அந்த வாடைக்குள்ளேயே கிடந்ததால், அப்படி ஒன்று இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. பிழைக்க வந்த ஊரோ கல்கத்தா. இங்கே யார் வீட்டில்தான் மீன் வாடை இல்லை? அதனால், அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கப் போன அன்று, உள்ளே ஏறி உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, வண்டி சுத்தமாக இருக்கிறது என்று மனைவி கலாவிடம் அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கலாவும் அதே கடற்கரைக்காரிதான். அவளும் தலையாட்டினாள்.

அதற்காக அவனை ஏமாளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கார்டன் ரீச் துறைமுகத்துப் பக்கம் வருஷக்கணக்கில் கன்டெய்னர் லாரி ஓட்டியவன், கண்டவனிடமும் பேச்சு வாங்கிச் சலித்தவன். சொந்தமாக ஒரு சின்ன வண்டி இருந்தால் போதும் என்று நினைத்தான். சென்னை ரயிலில் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு வந்து இறங்கும் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கட்டுகளை விடிகிற நேரத்தில் ஏற்றி, காளிகாட் தாண்டி லேக் மார்க்கெட் தமிழ்க் கடைகளில் போட்டுவிட்டு வந்துவிடலாம். எவன் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. வண்டி வாங்கத் தேர்ந்தெடுத்த நாள்தான் தப்பு.

விசுவகர்மா பூஜையன்று கல்கத்தாவில் சக்கரம் வைத்த எல்லாவற்றுக்கும் குளியலும் மாலையும் உண்டு. ரிக்‌ஷாவிலிருந்து பஸ் வரை கழுவித் துடைத்து, பெயிண்ட் அடித்து, சாமந்தி மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். பட்டறைக்காரர்கள் சுத்தியலையும் ஸ்பானரையும் சாமி காலடியில் வைத்தால், மறுநாள்தான் எடுப்பார்கள். ஊரே வண்டிக்குப் பொட்டு வைக்கிற நாளில் நாமும் வாங்கினால் நல்லது என்று, அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துகிற இந்தக் குடும்பத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! வேறு நாளாக இருந்தால், அடியில் புதுக் கறுப்பு பெயிண்ட் அடித்த பழைய வண்டியைக் கண்டால் எவனுக்கும் சந்தேகம் வரும். அன்றைக்கு வியாபாரியின் கொட்டகையில் நின்ற எல்லா வண்டியும் பளபளத்தது. கூட அழைத்துப்போன மெக்கானிக் பிஷு மிஸ்திரியை அடியில் நாலு தட்டு தட்டிப் பார்க்கச் சொன்னான் சூசைராஜ். பிஷு இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, இன்றைக்குச் சுத்தியலைத் தொட்டால் பாவம் அண்ணே என்று சொல்லிவிட்டு, பந்தலில் கிச்சடி வாங்கப் போய்விட்டான்.

தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்குள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. லோடு ஏற்றும்போது பின்பக்கம் ஒரு சாய்வு. பிஷு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் சேசிஸைக் குத்தினான். வண்டி மொத்தத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டம் அது. ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. உதிர்ந்து விழுந்த துருவைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, இது கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டி என்றான். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் சட்டத்துக்குள் இறங்கி, உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. ஓரிடத்தில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் விட்டுப்போகும். ஒருநாள் இரண்டாக முறியும், எந்த நாள் என்று மட்டும் என்னிடம் கேட்காதே என்று சொல்லிவிட்டான்.

வியாபாரியிடம் போய்ச் சண்டை போட்டதில் புண்ணியமில்லை. பார்த்துத்தானே வாங்கினாய் என்று அவன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். அந்த டீயைக் குடித்துவிட்டு வந்ததை நினைத்தால் சூசைராஜுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றிலிருந்து ஓட்டும்போது அவன் பாட்டுக் கேட்பதில்லை. வண்டியின் சத்தத்தைத்தான் கேட்டான். கிரீச் என்றால் இதுவா, டக் என்றால் அதுவா என்று காதைத் தீட்டிக்கொண்டே கங்கைப் பாலத்தில் ஏறுவான். பாதிப் பாலத்தில் வண்டி நின்றுபோன நாட்களும் உண்டு. பின்னால் ஹார்ன் அலறும், போலீஸ்காரர் லத்தியால் பானெட்டைத் தட்டுவார். பொழுது ஏறிவிட்டால் சரக்கு வண்டியை நகரத்துக்குள் விட மாட்டார்கள். இலைக்கட்டு வெயிலில் சுருண்டுகொண்டிருக்கும். கடைக்காரர் லக்ஷ்மிநாராயணன், இலையில் மீன் வாடை அடிக்கிறது, கல்யாண ஆர்டருக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஓட்டினால் உயிருக்குப் பயம். நிறுத்தினால் அடுப்பு எரியாது. மறுபடியும் லாரி முதலாளியிடம் போய் நிற்கலாம் என்றால், கிளம்பும்போது அந்த ஆளிடம் பேசிய பேச்சு அப்படி. அந்த வருஷம் முழுக்க அவனுக்குப் பாதிப் பாலத்தில் நின்ற கதைதான்.

அடுத்த எஃப்.சி. வேறு நெருங்கியது. தட்டிப் பார்த்தால் அரசாங்கச் சோதனையில் அந்த வண்டி தேறாது. தேறாத வண்டி ரோட்டில் ஓட முடியாது. அதற்கு முன்னால் தள்ளிவிட்டால்தான் உண்டு. அந்த யோசனையைச் சொன்னது கலா. நமக்கு எந்த நாளில் விற்றார்களோ அதே நாளில் விற்போம் என்றாள். அவள் அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சே ஒருத்தன் தலையில கட்டணுமா?" என்றான்.

"நம்ம தலையில கட்டினவனுக்கு என்ன ஆயிட்டு? நல்லாத்தான் இருக்கான். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

பிஷு அடியில் கறுப்பு அடித்துக் கொடுத்தான். சூசைராஜ் தானே தார்ப்பாயைக் கழுவினான். விசுவகர்மா பூஜையன்று காலையில் கலா மாலை வாங்கி வந்து முன்கண்ணாடிக்குக் கீழே கட்டினாள். வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பிஷுவின் பட்டறை வாசலில் நின்றது. மேலே பூஜை நாள் பட்டங்கள் பறந்தன, பந்தலில் ஸ்பீக்கர் அலறியது.

வண்டி வாங்க வந்தவன் பன்னீர்செல்வம். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். சால்ட் லேக்கில் ஐ.டி. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸுக்கு வண்டி ஓட்டுகிறான். மெஸ்காரர் எடுத்ததற்கெல்லாம் கத்துகிறார், சொந்த வண்டி ஆகிவிட்டால் நிம்மதி என்று தானாகவே சொன்னான். கேட்கக் கேட்கச் சூசைராஜுக்குத் தன் பேச்சையே கேட்பதுபோல இருந்தது. பன்னீர் அடியில் குனிந்து பார்த்தான். தட்டிப் பார்க்க முடியுமா என்று பிஷுவைக் கேட்டான். பிஷு காதைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நம்ம பக்கத்து ஆளு. நீங்க சொன்னா வாங்கிருதேன்."

கலா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லா இருக்கு என்ற சொல்லை நேற்று முழுக்கச் சொல்லிப் பழகியிருந்தான் சூசைராஜ். வாயைத் திறந்தால் வேறு வந்தது. மீன் ஏற்றிய வண்டி தம்பி, சட்டம் செத்துவிட்டது, பெயிண்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பன்னீர் அதிர்ந்துபோவான் என்று பார்த்தால், பையன் சிரித்தான்.

"குனிஞ்சு பாத்தப்பவே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. நல்ல வண்டி வாங்க எனக்கு எங்க வசதி? விலையக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க. அடுத்த பூஜை வரைக்கும் ஓட்டிட்டு நானும் ஒருத்தன்கிட்ட தள்ளிருதேன்."

உண்மையைச் சொல்லியாகிவிட்டது, வாங்குகிறவனும் சரி என்கிறான். இனி என்ன? சாவியை நீட்ட வேண்டியதுதான். சூசைராஜ் நீட்டத்தான் பார்த்தான். இந்தப் பையன் கங்கைப் பாலத்தில் காதைத் தீட்டிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது. கை மூடிக்கொண்டது. கொடுக்க மாட்டேன் என்றான்.

பன்னீருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஓட்டலாம், நான் ஓட்டக் கூடாதோ? எனக்குன்னு வந்தா மட்டும் எல்லாருக்கும் நியாயம் பொத்துக்கிட்டு வருது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். அவன் எங்கே போகிறான் என்பது சூசைராஜுக்குத் தெரிந்தது. பின்னாலேயே ஓடி, எனக்கு விற்ற அந்த வியாபாரியின் கொட்டகை வேண்டாம் தம்பி என்று தோளைத் தொட்டான். பன்னீர் தோளை உதறிவிட்டுப் போனான்.

பிஷு கொண்டுவந்து கொடுத்த கிச்சடி இலையிலேயே ஆறியது. வெயில் சாய்கிற வேளையில் ஹார்ன் சத்தம் கேட்டது. மாலை போட்ட ஒரு பிக்கப் பட்டறை முன்னால் வந்து நின்றது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் பன்னீர். காலையில் இருந்த கோபமெல்லாம் போய், முகமெல்லாம் பல்லாக இருந்தான். டேஷ்போர்டில் சாய்த்து வைத்த போனுக்குள் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு.

"அட்வான்ஸ் குடுத்தாச்சு அண்ணாச்சி. இவ ஊர்ல இருந்து பாத்துக்கிட்டிருக்கா. நீங்களே சொல்லுங்க, வண்டி எப்படி இருக்கு?"

சூசைராஜுக்குக் குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்சக்கரத்தின் ஓரத்தில் கறுப்பு பெயிண்ட் இன்னும் காயாமல் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கலா அவன் முழங்கையைப் பிடித்தாள். எதற்குப் பிடித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. போனுக்குள் அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு தம்பி" என்றான் சூசைராஜ்.

அந்தப் பெண் கும்பிட்டாள். அவனும் கும்பிட்டான்.